கொரியாவில் காரமும் ஹன்பொக்கும்: நம்மவர்கள் சறுக்குகிற இடங்கள்

கொரியாவுக்குச் சுற்றுலா போகும் நம்மவர்கள் விசா, ஹோட்டல், ரயில் டிக்கெட் எல்லாவற்றையும் மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். இரண்டு விஷயங்களை மட்டும் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். ஒன்று தெருவோரக் கடைகளின் காரச் சாப்பாடு. இன்னொன்று ஹன்பொக் என்னும் அவர்களது மரபு உடை. மிளகாயோடு வளர்ந்த நமக்கு எந்தக் காரம் பெரிது, புடவை கட்டுகிறவர்களுக்கு ஒரு பாவாடை கட்ட வராதா என்ற நினைப்பு. சியோலில் நம்மவர்கள் சங்கடப்படுவதும் பெரும்பாலும் இந்த இரண்டிலும்தான். முன்கூட்டியே கேட்டிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய சங்கடங்கள் அவை.

"நமக்குக் காரம் பழக்கம்தானே"

கணக்குப்படி பார்த்தால் இந்த நினைப்பில் நியாயம் இருக்கிறது. கொரியாவில் காரத்துக்குப் பேர்போன சோங்யாங் மிளகாய், காரத்தை அளக்கும் ஸ்கோவில் அளவில் சுமார் 10,000தான் வரும். நம் மளிகைக் கடைக்கு வரும் குண்டூர் மிளகாய் 30,000ஐத் தாண்டிவிடும். ஆனாலும் ஆந்திரா மெஸ் சாப்பாட்டை அசராமல் சாப்பிடுகிறவர்கள்கூட ஒரு தட்டு தொக்பொக்கியில் திணறிவிடுகிறார்கள்.

தொக்பொக்கி என்பது விரல் நீளத்துக்கு உருட்டிய அரிசி மாவுத் துண்டுகளைச் சிவப்புக் குழம்பில் கொதிக்கவிட்டுத் தருவது. 1953இல் சியோலின் சிந்தாங்-தொங் பகுதியில் மா பொக்-ரிம் என்ற பெண்மணி கொச்சுஜாங் சேர்த்து விற்கத் தொடங்கிய பிறகுதான் இந்தச் சிவப்பு வகை பரவியது என்பார்கள். இன்றும் அந்தப் பகுதியில் ஒரு தெரு முழுக்கத் தொக்பொக்கிக் கடைகள்தான். கொச்சுஜாங் என்றால் மிளகாய்த் தூள், புளிக்கவைத்த சோயா, பசையரிசி, உப்பு ஆகியவற்றைச் சேர்த்து ஜாடிகளில் மாதக்கணக்கில் முதிரவிட்ட விழுது. குழம்பில் இதோடு சர்க்கரையோ மால்ட் பாகோ தாராளமாகச் சேரும்.

அதனால் முதல் வாயில் இனிப்புதான் தெரியும். "இவ்வளவுதானா" என்று அடுத்தடுத்து நாலைந்து துண்டுகள் உள்ளே போன பிறகு காரம் மெல்ல ஏற ஆரம்பிக்கும். குழம்பு கெட்டியாக இருப்பதால் நாக்கிலும் அண்ணத்திலும் ஒட்டிக்கொண்டு எளிதில் இறங்காது. சூடு வேறு. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் தூண்டுகிற அதே உணர்வாங்கிதான் சுமார் 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டையும் எரிச்சலாக உணர்த்துகிறது. கொதிக்கக் கொதிக்கச் சாப்பிடும்போது காரமும் சூடும் ஒன்றையொன்று தூக்கிவிடும். இந்த நேரத்தில் பக்கத்தில் காகிதக் கோப்பையில் கிடைக்கும் சுடு மீன் சாறை எடுத்துக் குடிப்பதுதான் எல்லாரும் செய்கிற முதல் தவறு. தண்ணீரும் பெரிதாக உதவாது, ஏனென்றால் கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும்.

நம் சாப்பாட்டு முறையும் இங்கே நம்மை ஏமாற்றுகிறது. வீட்டில் காரக் குழம்பைச் சோற்றில் பிசைந்து, அப்பளத்தையும் பொரியலையும் தொட்டுக்கொண்டு, கடைசியில் மோர் ஊற்றி முடிக்கிறோம். நமக்குப் பழக்கமானது அப்படிப் பிரித்துப் பரப்பிச் சாப்பிடுகிற காரம். தெருக்கடையில் சோறும் கிடையாது, மோரும் கிடையாது. நாள் முழுக்கச் சுற்றிவிட்டுக் காலி வயிற்றில் குழம்பை நேராக இறக்கினால் வயிறு என்னதான் செய்யும்? கொரியர்களே அப்படிச் சாப்பிடுவதில்லை. தொக்பொக்கிக் கடையில் அவர்கள் என்ன சேர்த்து வாங்குகிறார்கள் என்று பாருங்கள். ஆவியில் வேகவைத்த முட்டை, கடற்பாசித் தூள் போட்டுப் பிசைந்த சோற்று உருண்டை, மேலே உருக்கிய சீஸ், குடிக்க குல்பிஸ் என்ற பால் சேர்ந்த இனிப்புப் பானம். இவை இல்லாத நடைபாதைக் கடையாக இருந்தால் வழியிலேயே பக்கத்துக் கடையில் ஒரு பால் பாக்கெட் வாங்கி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

அப்புறம் இந்தக் கடைக்கார அம்மாக்களின் கேள்வி. வெளிநாட்டு முகத்தைப் பார்த்ததும் "மெவுன்தே, குவென்சனாயோ?" என்பார்கள். காரமாக இருக்கும், பரவாயில்லையா என்று அக்கறையாகக் கேட்கிறார்கள். நம்மவர்கள் புரிந்தும் புரியாமலும் தலையாட்டிவிடுகிறார்கள். அதைவிட ஒரு துண்டு சுவைத்துப் பார்க்கலாமா என்று சைகையில் கேளுங்கள். கொஞ்சம் பேச வருமென்றால் "டொல் மெப்க்கே ஹெ ஜுசெயோ", காரம் குறைத்துக் கொடுங்கள் என்று சொல்லலாம். ஆனால் இதை எங்கே சொல்வது என்பது முக்கியம். பெரிய சதுரத் தட்டில் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும் தொக்பொக்கியில் காரத்தைக் குறைக்க யாராலும் முடியாது. அங்கே நின்று கேட்டால் அவருக்கும் சங்கடம், பின்னால் நிற்பவர்களுக்கும் சங்கடம். மேசையில் அடுப்பு வைத்து நம் கண்முன்னே சமைக்கிற கடை, கடைசியில் சாஸ் தடவித் தருகிற தக்கொச்சி என்ற கோழிக் குச்சி, இப்படி அப்போதைக்கப்போது செய்து தருகிற இடங்களில்தான் கேட்டுப் பலன் உண்டு.

குழந்தைகளுக்குச் சோயா சாஸில் செய்யும் அரண்மனை வகைத் தொக்பொக்கி காரமில்லாதது. ஆனால் அதில் மாட்டிறைச்சி போடுவது வழக்கம். இன்னொன்று, தொக் என்ற அந்த அரிசி மாவுத் துண்டு எந்த வகையாக இருந்தாலும் சவ்வு மாதிரி இழுபடும், எளிதில் மெல்ல முடியாது. சின்னக் குழந்தைகளுக்கும் பல் கட்டிய பெரியவர்களுக்கும் கத்திரியால் சிறிதாக வெட்டித்தான் கொடுக்க வேண்டும். கொரியக் கடைகளில் உணவு வெட்டுகிற கத்திரி எப்போதும் இருக்கும், கேட்டால் தருவார்கள்.

காரப் பந்தயம் கட்டுகிற இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. சென்னையில் புல்தாக் என்ற கொரியக் கார நூடுல்ஸ் சாப்பிட்டுப் பழகிவிட்டோம் என்ற தைரியத்தில் கடைகளில் இருக்கும் உச்ச நிலைக் காரத்தை முதல் நாளே கேட்காதீர்கள். கார நிலைகளை எண் போட்டு விற்கும் கடைகள் பல மிளகாயோடு கேப்சைசின் சாறு சேர்ந்த சாஸையும் பயன்படுத்துகின்றன. அந்தக் காரம் வெறும் மிளகாய்க் காரத்தைவிடக் கடுமையாக இருக்கும். 2024 ஜூனில் டென்மார்க் அரசு கேப்சைசின் அளவைக் காரணம் காட்டி மூன்று வகைப் புல்தாக் நூடுல்ஸைக் கடைகளிலிருந்து எடுக்கச் சொன்னது. அடுத்த மாதமே இரண்டு வகைகளுக்குத் தடையை விலக்கிக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் ஒரு வார விடுமுறையில் இரண்டு நாளை ஹோட்டல் குளியலறையில் கழிப்பதற்கு எந்தப் பந்தயமும் ஈடாகாது. மூலமோ அல்சரோ இருப்பவர்கள் இந்த ஆட்டத்துக்கே வரவேண்டாம்.

கறி இல்லை என்றால் சைவம் இல்லை

சைவ உணவுக்காரர்களுக்கும், மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ சாப்பிடாதவர்களுக்கும் இதுதான் மிக முக்கியமான பகுதி. காரம் தப்பினால் நாக்கோடு போயிற்று. இது தப்பினால் மனசு கேட்காது.

தொக்பொக்கியை மேலோட்டமாகப் பார்த்தால் அரிசியும் மிளகாயும்தான். ஆனால் குழம்பின் அடிச்சாறு பெரும்பாலும் உலர்ந்த நெத்திலியையும் கடற்பாசியையும் கொதிக்கவைத்து எடுத்தது. பல கடைகளில் மாட்டிறைச்சி சேர்ந்த சுவைப்பொடியும் போடுவார்கள். மெல்லிய தகடாகச் சேர்ந்து வரும் ஓமுக், மீன் அரைத்துச் செய்தது. கிம்ச்சியில் வெறும் முட்டைக்கோஸும் மிளகாயும்தானே என்று கேட்டால், அதில் நெத்திலி அல்லது இறாலைப் புளிக்கவைத்த சாறு இருக்கும். கடற்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டிய கிம்பாப் உருளையில் ஹாமும் மீன்குச்சியும் கேட்காமலே வரும். தொக்பொக்கியோடு ஒரே தட்டில் சேர்த்து விற்கும் சுண்டே என்பது பன்றிக் குடலில் ரத்தமும் கண்ணாடி நூடுல்ஸும் அடைத்து வேகவைத்தது. கறுப்பாக வட்டவட்டமாக வெட்டி வைத்திருப்பார்கள், பார்த்தால் எதுவும் தெரியாது.

இங்கே நடக்கும் தவறு, "கறி வேண்டாம்" என்று மட்டும் சொல்வது. கொரியக் கடைக்காரர் மேலே தெரிகிற இறைச்சித் துண்டுகளை நேர்மையாக எடுத்துவிட்டுக் கொடுப்பார். சாறு, மீன், ஹாம் எதுவும் அவர் கணக்கில் வராது. அவர் ஏமாற்றவில்லை, நாம்தான் முழுதாகச் சொல்லவில்லை. மாடு, பன்றி, கோழி, மீன், இறால், கணவாய், நெத்திலிச் சாறு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கொரிய எழுத்தில் எழுதி வாங்கிக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் கூட்டம் சேருவதற்கு முன் காட்டுங்கள். இல்லை என்று தலையாட்டினால் வருத்தப்படாமல் அடுத்த கடைக்கு நகருங்கள்.

தெருவில் சைவர்களுக்கு ஒன்றுமே இல்லை என்பதும் தவறான முடிவு. குளிர்காலத்தில் இரும்பு டிரம்மில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கஷ்கொட்டையும் கிடைக்கும். மீன் வடிவ அச்சில் சுடுகிற புங்ஒப்பாங்கில் மீன் கிடையாது, உள்ளே இனிப்பான சிவப்புப் பயறுப் பூரணம்தான். மாவில் முட்டை இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். குவாங்ஜாங் சந்தையில் கல்லில் பாசிப்பயறு அரைத்து, தட்டையான சட்டியில் எண்ணெய் மிதக்க மிதக்கச் சுட்டு அடுக்கும் பிந்தெத்தொக் நம் வீட்டு அடைக்குச் சொந்தக்காரன்தான். அதிலும் பன்றி இறைச்சியோ கிம்ச்சியோ சேர்க்கும் கடைகள் உண்டு. கேட்டுத்தான் வாங்க வேண்டும். நிதானமாக உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட வேண்டும் என்றால் பௌத்த மடாலய உணவு தரும் உணவகங்களைத் தேடிப் போகலாம். அங்கே இறைச்சி, மீனோடு பூண்டு, வெங்காயம்கூடச் சேர்ப்பதில்லை. ஹலால் வேண்டுபவர்களுக்கு இதேவொன் பகுதியில், 1976இல் திறந்த சியோல் மத்தியப் பள்ளிவாசலைச் சுற்றி நல்ல கடைகள் இருக்கின்றன.

ஹொத்தொக் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும். காரமே இல்லாத இந்தப் பண்டத்தில்தான் நிறையப் பேர் வாயைச் சுட்டுக்கொள்கிறார்கள். எண்ணெயில் அழுத்திச் சுட்ட மாவு வட்டை, காகிதக் கோப்பையில் மடித்துக் கொடுப்பார்கள். வெளித்தோல் கைபொறுக்கும் சூட்டில் இருக்கும். உள்ளே பழுப்புச் சர்க்கரை, கடலை, பட்டை எல்லாம் உருகிக் கொதிக்கும் பாகாக நிற்கும். நடுவில் கடித்தால் பாகு பீறிட்டு உதடு, முகவாய், சட்டை மூன்றையும் பதம் பார்க்கும். ஓரத்தில் சின்னதாகக் கடித்து ஆவி போகவிட்டு, கோப்பையைச் சாய்க்காமல் மேலிருந்து தின்றுகொண்டே வர வேண்டும்.

கடையில் நிற்கும் விதம்

சந்தையில் உட்கார்ந்து சாப்பிடும் கடை என்றால் ஆளுக்கொன்று வாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். நாலு பேர் உட்கார்ந்து ஒரு தட்டு வாங்கிப் பங்கு போட்டால் முகம் மாறும். இடம் சின்னது, அவர்கள் பிழைப்பு அந்த நாலு நாற்காலியில் இருக்கிறது. உட்காருவதற்கு முன்பே விலையைக் கேட்டுவிடுங்கள். கலவைத் தட்டு என்றால் எத்தனை துண்டு, எவ்வளவு என்று விரல்விட்டுக் கேட்பதில் தப்பே இல்லை. நடைபாதைக் கடைகள் பலவற்றில் வெளிநாட்டு அட்டை செல்லாது. உள்ளூர்க்காரர்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிடுவார்கள், நம்மால் முடியாது. ஆயிரம், ஐயாயிரம் வோன் தாள்களாகச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். டிப்ஸ் கொடுக்கும் பழக்கம் அங்கே இல்லை.

ஓமுக் கடையில் குச்சிகளைச் சாறிலிருந்து நாமே எடுத்துச் சாப்பிடலாம். கடைசியில் குச்சிகளை எண்ணித்தான் காசு. எனவே குச்சியைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பொதுவில் வைத்திருக்கும் சோயா சாஸ் கிண்ணத்தில் கடித்த துண்டை முக்காதீர்கள். தூரிகை இருந்தால் தடவிக்கொள்ளலாம், இல்லையென்றால் சின்னத் தட்டு கேளுங்கள். கடைக்கார அம்மாவை "அஜும்மா" என்று கூப்பிடுவது சிலருக்குப் பிடிக்காது. "சாஜங்னிம்" என்றால் முதலாளி. யாரையும் அப்படிக் கூப்பிடலாம், மரியாதையாக இருக்கும். உள்ளூர்க்காரர்கள் உரிமையோடு "இமோ" என்பார்கள். நம் சித்தி, பெரியம்மா முறைதான் அது. கொஞ்சம் பழகிய பிறகு நாமும் சொல்லலாம்.

காரத்தில் மூக்கு ஒழுகும். சாப்பாட்டு மேசையில் சத்தமாக மூக்கைச் சிந்துவதை அவர்கள் அருவருப்பாக நினைக்கிறார்கள். திரும்பி மெதுவாகத் துடைத்துக்கொள்ளலாம், முடியாவிட்டால் எழுந்து வெளியே போய்வரலாம். சோற்றுக் கிண்ணத்தில் சாப்ஸ்டிக்கைச் செங்குத்தாகக் குத்தி வைக்கக் கூடாது, அது இறந்தவர்களுக்குப் படைப்பதை நினைவூட்டும். தெருக் குப்பைத் தொட்டிகள் அரிது. வாங்கிய கடையிலேயே நின்று சாப்பிட்டு, கோப்பையையும் குச்சியையும் அங்கேயே கொடுத்துவிட்டு வருவதுதான் வழக்கம். திறந்த கோப்பையோடு சியோல் நகரப் பேருந்தில் ஏறவும் முடியாது. 2018லிருந்து ஓட்டுநர் மறுக்கலாம் என்று விதியே இருக்கிறது.

உடைக்கு முன், வரிசை

சாப்பாட்டையும் ஹன்பொக்கையும் ஒரே கட்டுரையில் எழுதக் காரணம் இருக்கிறது. சுற்றுலா போகிறவர்கள் இரண்டையும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் செய்கிறார்கள். வாடகைக்கு எடுத்த வெளிர் நிற ஹன்பொக்கோடு தொக்பொக்கிக் கடையில் நின்று, பல் குத்தும் குச்சியால் ஒரு துண்டைக் குத்தித் தூக்குவார்கள். தொக் வழுக்கும். விழுந்தால் நேராக மார்பில்தான். ஹன்பொக்கின் கழுத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு பட்டை ஓடும், தோங்ஜோங் என்று பெயர். உடையின் நேர்த்தியே அந்த வெள்ளையில்தான் இருக்கிறது. கொச்சுஜாங்கின் சிவப்பு எண்ணெயோடு சேர்ந்து துணியில் இறங்கினால் போகாது. கடைக்காரர் சலவைக்கோ சேதத்துக்கோ பணம் பிடிப்பார், அது நியாயமும்கூட.

எனவே உடை முதலில், காரம் பிறகு. காலையில் லேசாகச் சாப்பிட்டுவிட்டு ஹன்பொக் எடுங்கள், அரண்மனை சுற்றுங்கள், படம் எடுங்கள், திருப்பிக் கொடுங்கள். அதன்பின் சாப்பாட்டுக்குப் போங்கள். கியோங்போக்குங் அரண்மனையின் மேற்குப் பக்கம் நடக்கிற தூரத்தில் தோங்கின் சந்தை இருக்கிறது. அங்கே குழம்பில்லாமல் இரும்புத் தட்டில் எண்ணெய் விட்டு வதக்கித் தரும் தொக்பொக்கி பிரசித்தம். இடையில் பசித்தால் ஹன்பொக்கோடு சாப்பிடச் சுட்ட கிழங்கு போதும்.

கறை பட்டே விட்டதென்றால் தண்ணீர் விட்டுத் தேய்க்காதீர்கள், பரவும். காகிதத்தால் ஒற்றி எடுத்துவிட்டு, திருப்பிக் கொடுக்கும்போது நாமே காட்டிவிடுவது நல்லது.

வாடகைக் கடையில்

கியோங்போக்குங், அங்குக் ரயில் நிலையங்களைச் சுற்றி வாடகைக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இரண்டு மணி நேரம், நாலு மணி நேரம், ஒரு நாள் என்று கணக்கு. உடை தேர்ந்தெடுக்கும் நேரமும் தலை பின்னும் நேரமும் அதில் சேருமா என்று முதலில் கேளுங்கள். கூட்ட நாளில் கண்ணாடி முன்னாலேயே முக்கால் மணி நேரம் போய்விடும். தாமதக் கட்டணம், முன்பணம், பை வைக்கும் இடம் மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹன்பொக் அணிந்தால் அரண்மனைக்கு இலவசம் என்பதற்காக மட்டும் எடுப்பவர்கள் கணக்கில் தவறுகிறார்கள். அரண்மனை நுழைவுச் சீட்டே சில ஆயிரம் வோன்தான், வாடகை அதைப்போல் பல மடங்கு. உடுத்திப் பார்க்க ஆசை இருந்தால் எடுங்கள். ஜொகோரி என்ற மேலுடையை மட்டும் போட்டுக் கீழே ஜீன்ஸ் என்றால் இலவசம் கிடையாது, மேலுடையும் கீழுடையும் இரண்டுமே ஹன்பொக்காக இருக்க வேண்டும். முன்பெல்லாம் ஆண் ஆணுடையிலும் பெண் பெண்ணுடையிலும் வந்தால்தான் இலவசம் என்று இருந்தது. மனித உரிமை ஆணையம் சொன்ன பிறகு 2019இல் அதை எடுத்துவிட்டார்கள். சாங்தொக்குங் அரண்மனைக்குள் இருக்கும் பின்தோட்டத்துக்குத் தனிச் சீட்டு வேண்டும், ஹன்பொக் அங்கே செல்லாது. கியோங்போக்குங்குக்குச் செவ்வாய் விடுமுறை, சாங்தொக்குங்குக்குத் திங்கள் விடுமுறை. இதைப் பார்க்காமல் உடையை எடுத்துவிட்டு மூடிய கதவின் முன் நிற்பவர்கள் ஏராளம்.

எந்த உடையை எடுப்பது? கடையில் முதலில் கண்ணில் படுவது ஜிகினா லேஸ், தங்க அச்சு, உள்ளே வளையம் வைத்துப் பந்தாக உப்பிய பாவாடை, முதுகில் பெரிய ரிப்பன். படத்துக்கு எடுப்பாக இருக்கும். ஆனால் மரபு ஹன்பொக்கில் வளையமும் கிடையாது, முதுகு ரிப்பனும் கிடையாது. மார்புக்கு மேலே இறுக்கிக் கட்டும் சிமா என்ற பாவாடைக்கு உப்பல் தருவது அதன் கொசுவமும் உள்ளே அடுக்கடுக்காக அணியும் உள்பாவாடைகளும்தான். இந்தப் புதுப் பாணி உடைகளுக்கு இலவச நுழைவு தரலாமா என்று 2018இல் சியோலின் ஜோங்னோ மாவட்டமே கேள்வி எழுப்பியது, அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. என் கருத்து, ஒரே ஒருமுறை உடுத்துகிறவர்கள் மரபு வெட்டையே கேட்டு வாங்க வேண்டும். கடையின் உள்பக்கம் இருக்கும், கேட்டால் காட்டுவார்கள். துணியின் வீழ்ச்சியும் ஜொகோரிக் கையின் வளைவும் அதில்தான் தெரியும். நடப்பதற்கும், முக்கியமாகக் கழிப்பறைக்குப் போவதற்கும், வளையமில்லாத உடையே சௌகரியம்.

டிராகன் முத்திரை போட்ட சிவப்பு அரச உடை கூடுதல் வாடகைக்குக் கிடைக்கும். வெயிலில் அது கனமான போர்வை. பச்சை ஜொகோரியும் சிவப்புச் சிமாவும் மணமகளின் சேர்க்கை. ஜோசோன் அரச வம்சக் காலத்தில் சாதாரணக் குடும்பத்து மணமக்களும் கல்யாண நாளன்று அரசவை உடை உடுத்த அனுமதி இருந்தது. நீங்கள் அதை எடுத்தால் தவறில்லை, என்ன உடுத்தியிருக்கிறோம் என்று தெரிந்து உடுத்துங்கள். முழு வெள்ளைதான் அழகு என்று அதையே எடுப்பதற்கு முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். சாயமிடாத சணல் துணியும் வெள்ளையும் அங்கே துக்கத்தோடு சேர்ந்தவை. அன்றாட உடையாகவும் வெள்ளை இருந்தது என்றாலும், இன்று பெரும்பாலும் மற்ற நிறங்களோடுதான் சேர்த்து உடுத்துகிறார்கள்.

உள்ளே காலர் வைத்த சட்டை போடாதீர்கள். கழுத்தின் வெட்டில் எட்டிப் பார்த்து முழு அழகையும் கெடுத்துவிடும். மெல்லிய, கழுத்திறங்கிய பனியன் வகை நல்லது. குளிர்காலத்தில் அதற்கு மேல் ஓர் உள்ளாடை அடுக்கு, கீழே தடித்த காலுறை. ஜொகோரியின் இடப்பக்க மடிப்பு மேலே வர வேண்டும், மாற்றி உடுத்தக் கூடாது. முன்னால் கட்டும் கொரும் என்ற நாடாவுக்கு ஒரே ஒரு வளையம்தான். ஷூ லேஸ் கட்டுவது போல இரண்டு காது வைத்துக் கட்டினால் பார்த்த உடனே தெரிந்துவிடும். வளையம் பக்கவாட்டில் படுத்திருக்க, இரண்டு முனைகளும் ஒன்று நீளமாகவும் மற்றது சற்றுக் குட்டையாகவும் நேராகத் தொங்க வேண்டும். கடையில் கட்டிவிடும்போது கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வழியில் ஒருமுறையாவது அவிழும்.

உடுத்திய பின்

கியோங்போக்குங்கில் குன்ஜோங்ஜோன் என்ற அரியணை மண்டபத்தின் முற்றத்தில் பாவியிருப்பது மேடுபள்ளமான கருங்கல் பலகைகள். சிமாவின் விளிம்பு கல்லில் மாட்டித் தடுக்கிவிடும். படி ஏறும்போது முன்பக்கத்தை இரு விரலால் சற்றே தூக்கிக்கொள்ளுங்கள். புடவைக் கொசுவத்தைப் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு இது உடனே வரும். குதிகால் உயர்ந்த செருப்பு வேண்டாம்.

இந்த உடையை ஜப்பானியர்களின் கிமோனோ என்று சொல்லிவிடாதீர்கள். நாக்குத் தவறி வருவதுதான், ஆனால் நீங்கள் நிற்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். 1395இல் கட்டிய அந்த அரண்மனைக்குள்தான் 1895இல் ராணி மின்னை ஜப்பானியர்கள் கொன்றார்கள். 1910இலிருந்து 1945வரை நாடே அவர்கள் கையில் இருந்தது. அரண்மனை முகப்பை மறைத்து அவர்கள் எழுப்பிய ஆளுநர் தலைமை அலுவலகத்தைக் கொரியர்கள் 1995இல்தான் இடிக்கத் தொடங்கினார்கள். சீனாவோடும் சேர்த்துப் பேசாதீர்கள். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஹன்பொக் உடுத்திய ஒரு பெண் தோன்றியதற்கே கொரியாவில் பெரும் கொந்தளிப்பு எழுந்தது. மாறுவேடம் என்ற பொருள்படும் சொற்களையும் தவிர்க்கலாம். அவர்கள் கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் இன்றும் உடுத்துகிற உடை அது.

ஹன்பொக்கோடு அடுத்து எல்லாரும் போவது புக்சோன் கிராமத்துக்கு. பழைய ஓட்டு வீடுகள், சரிவான சந்துகள். ஆனால் அவை வீடுகள், உள்ளே மக்கள் குடியிருக்கிறார்கள். சத்தம் தாங்காமல் மாவட்ட நிர்வாகம் மிக நெரிசலான சந்துப் பகுதிக்குச் சுற்றுலாப் பயணிகள் மாலை 5 முதல் காலை 10 மணிவரை வரக் கூடாது என்று விதித்தது. 2025 மார்ச் முதல் மீறினால் 1,00,000 வோன் அபராதம். காலை வெளிச்சத்தில் ஆளில்லாமல் படம் எடுக்கலாம் என்று விடிகாலையில் போகாதீர்கள். பகலில் போனாலும் குரலைத் தாழ்த்துங்கள், கதவுப் படிகளில் உட்காராதீர்கள். இன்னும் நிதானமான இடம் வேண்டும் என்றால் ஜோன்ஜு ஊரின் ஓட்டு வீட்டுக் கிராமம் இருக்கிறது.

ஜோங்மியோவுக்குப் போனால் இன்னும் கவனம் வேண்டும். ஜோசோன் அரசர்கள், அரசிகளின் ஆவிகள் தங்குவதாக நம்பும் பலகைகள் இருக்கும் கோயில் அது. நடுவில் உயர்த்திப் பாவிய கல் பாதை ஆவிகளுக்கானது. அரச உடையில் அதன்மேல் நடந்து வருவதாகப் படம் எடுக்க ஆசை வரும், எடுக்கக் கூடாது. ஓரமாக நடங்கள்.

வீட்டுக்கு அழைத்தால்

கொரிய நண்பர்கள் புத்தாண்டான சொல்லாலுக்கு வீட்டுக்கு அழைத்து, ஹன்பொக்கும் கொடுத்து, பெரியவர்களுக்கு வணங்கச் சொல்வதுண்டு. சேபே என்ற அந்த வணக்கம் மண்டியிட்டு, கைகளைத் தரையில் ஊன்றி, தலை தாழ்த்துவது. உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரே முறை. இரண்டு முறை வணங்குவது இறந்தவர்களுக்கு. மரியாதை கூடட்டும் என்று இன்னொரு முறை குனிந்துவிடாதீர்கள். கைகளைச் சேர்க்கும்போது ஆண்களுக்கு இடக்கை மேலே, பெண்களுக்கு வலக்கை மேலே வர வேண்டும். துக்க வீட்டில் இது தலைகீழாகும். அதனால்தான் பெரியவர்கள் இதைக் கவனித்துப் பார்ப்பார்கள். நம் வழக்கப்படி காலைத் தொட்டுக் கும்பிடப் போனால் பதறிப் பின்வாங்குவார்கள். அவர்களிடம் அந்தப் பழக்கம் இல்லை, கொஞ்சம் தள்ளி நின்றே வணங்குங்கள்.

வணங்கி எழுந்ததும் உடனே நிமிர்ந்து நின்றுவிடாமல் பணிவாக உட்காருங்கள். பெரியவர் வாழ்த்துச் சொல்வார். கூட வந்த குழந்தைகளுக்கு உறையில் பணம் கொடுப்பார். இரண்டு கைகளாலும் வாங்கச் சொல்லிக் கொடுங்கள், அவர் முன்னாலேயே பிரித்துப் பார்க்கவிடாதீர்கள். அப்புறம் அரிசித் தொக் போட்ட வெள்ளைச் சூப் வரும். தொக்குக் என்ற இதில் காரம் கிடையாது, ஆனால் சாறு பெரும்பாலும் மாட்டிறைச்சியில் எடுத்தது. சாப்பிடமாட்டீர்கள் என்றால் அழைப்பை ஏற்கும்போதே நண்பரிடம் சொல்லிவிடுங்கள். அவர் அம்மா அடுப்பை மூட்டுவதற்கு முன்பே விஷயம் போய்ச் சேர்ந்திருக்கும்.